அத்தியாயம் 8: துப்பாக்கி உரிமமும் கஞ்சா சேர்ந்த மருந்தும்

வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகிற வழியில் இருக்கிறது மகாராஜபுரம். மேற்கே தலையை நிமிர்த்தினால் சதுரகிரி. தென்னை, மா, நெல் என்று விளைகிற மண். மலையை ஒட்டித் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ராக்காவல் பழகிப்போன வேலை. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று இறங்கினால் நட்ட தென்னங்கன்றுகளை அடியோடு கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். யானை வந்தால் வளர்ந்த மரமே சாயும். ஆகவே 'பயிர்க்காவலுக்கு ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கலாமா?' என்ற கேள்வி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

அதே வீட்டு அலமாரியில் மூட்டுவலிக்கோ தூக்கமின்மைக்கோ வைத்தியர் கொடுத்த லேகிய டப்பா ஒன்று இருக்கலாம். அதில் முறைப்படி சுத்தி செய்த கஞ்சா சேர்ந்திருக்கலாம். அது சட்டப்படி தயாரித்து விற்கப்படும் மருந்தாகவும் இருக்கலாம். துப்பாக்கி உரிமமும் இந்த மருந்தும் ஒரே ஆளிடம் சேரும்போது சட்டம் என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைச் சாப்பிடுகிறார் என்ற ஒரே காரணத்தால் ஒருவருக்கு உரிமம் மறுக்கப்பட வேண்டும் என்று நம் ஆயுதச் சட்டத்தில் எங்கும் இல்லை. போதைக்கு அடிமைப்பட்டவர் என்றால் உரிமம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 'சாப்பிடுகிறவர்', 'அடிமைப்பட்டவர்' என்ற இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை அதிகாரி முன்னால் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கப்போவது மருத்துவரின் சீட்டும், மறைக்காமல் நீங்கள் சொல்லும் உண்மையும் மட்டும்தான்.

உரிமம் கேட்கலாம், உரிமை கொண்டாட முடியாது

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல. அமெரிக்க அரசியலமைப்பில் அதற்கு ஒரு திருத்தம் இருக்கிறது. நம் அரசியலமைப்பில் அப்படி எதுவும் கிடையாது. 2023 பிப்ரவரியில் உரிமமில்லாத துப்பாக்கி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை எடுத்துச் சொன்னது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் எந்த அளவுக்கு அனுமதிக்கின்றனவோ அந்த அளவுக்குத்தான் கேட்க முடியும்.

அதற்காக அதிகாரி தன் விருப்பத்துக்கு மறுத்துவிடலாம் என்று பொருளில்லை. சட்டத்தின் 13ஆம் பிரிவு விவசாயிக்குச் சாதகமானது. உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால், மறுப்பதற்குச் சட்டக் காரணம் இல்லாதபோது கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த வகைத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குப் பட்டால், வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் கொடுக்கலாம்.

மறுப்பதற்கான காரணங்கள் 14ஆம் பிரிவில் இருக்கின்றன: சட்டம் தடைசெய்த நபர், மனநலம் குன்றியவர், 'எந்தக் காரணத்தாலாவது' தகுதியற்றவர், பொது அமைதிக்கு ஆபத்து. இதில் மூன்றாவது காரணம் மிக அகலமான வாசல். போதைப் பழக்கம் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் உள்ளே வரும். அதே பிரிவு விவசாயிக்கு இரண்டு பாதுகாப்பும் தருகிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நீங்கள் கேட்டால் சுருக்கமாக எழுதித் தர வேண்டும். பொதுநலன் கருதிக் காரணத்தைச் சொல்லாமல் விடுவது விதிவிலக்கு மட்டுமே. வாய்மொழியாக 'கிடைக்காது, போங்க' என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

9ஆம் பிரிவையும் மனத்தில் வையுங்கள். 21 வயது நிரம்பாதவருக்குப் பொதுவாகத் துப்பாக்கி கிடையாது. வன்முறையோ ஒழுக்கக்கேடோ சேர்ந்த குற்றத்துக்குச் சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தண்டனை முடிந்து 5 ஆண்டு வரை தடை. நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தவருக்கு அந்தப் பிணைக்காலம் முழுவதும் தடை. கஞ்சா விற்று உள்ளே போய் வந்தவர் இந்தப் பிரிவைத் தாண்டி உரிமம் பெறுவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

மருத்துவச் சான்றில் ஒரு வரி

விண்ணப்பம் படிவம் ஏ-1. மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆயுத உரிம இணையதளத்தில் நிரப்பி, அச்செடுத்து, இணைப்புகளோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மகாராஜபுரத்துக்காரர் என்றால் விருதுநகர் போக வேண்டும். புகைப்படங்கள், வயதுச் சான்று, ஆதார், முகவரிச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று ஆகியவை சேர வேண்டும். பயிர்க்காவல் என்பதால் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களையும் சேர்த்துக் கொடுங்கள். நிலம் உங்களுடையது, பயிர் நிற்கிறது, சேதம் நடக்கிறது என்ற மூன்றும் காகிதத்தில் தெரிய வேண்டும்.

இத்தனையிலும் நம் விஷயத்துக்கு முக்கியமானது மருத்துவச் சான்று. விண்ணப்பதாரரின் மனநலம், உடல்தகுதி ஆகியவற்றோடு, அவர் போதை தரும் பொருளையோ போதை மருந்தையோ சார்ந்திருக்கவில்லை என்றும் அந்தச் சான்று தனியாகக் குறிப்பிட வேண்டும் என்கின்றன 2016 விதிகள். 'எப்போதாவது சாப்பிட்டதுண்டா' என்று விதி கேட்கவில்லை. 'சார்ந்திருக்கிறாரா' என்றுதான் கேட்கிறது. அது இல்லாமல் இருக்க முடியவில்லை, அளவு கூடிக்கொண்டே போகிறது, நிறுத்தினால் நடுக்கமோ எரிச்சலோ தூக்கமின்மையோ வருகிறது, வேலையும் குடும்பமும் பாதிக்கப்பட்டும் விட முடியவில்லை என்ற நிலையைத்தான் மருத்துவர்கள் சார்புநிலை என்பார்கள். மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாட்களுக்கு, நோய்க்காக ஒரு மருந்தைச் சாப்பிடுவது வேறு.

இந்த வேறுபாடு மருத்துவருக்குத் தெரியும். ஆனாலும் 'கஞ்சா' என்ற சொல்லைக் கேட்டதும் சான்றில் கையெழுத்துப் போடத் தயங்குகிற மருத்துவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாளை ஏதாவது நடந்தால் 'இவருக்கு யார் சான்று கொடுத்தது?' என்ற கேள்வி அவர்களிடம்தான் வரும். அதனால் சான்று கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சித்த மருத்துவரின் சீட்டு, மருந்து வாங்கிய ரசீது, மருந்து டப்பா மூன்றையும் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். எதற்காக, எத்தனை நாளாக, எந்த அளவில் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். தயங்கினால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மனநல மருத்துவரின் மதிப்பீட்டுக்கு அதிகாரிகளிடம் மரியாதை அதிகம்.

எந்தக் கஞ்சா சட்டப்படியானது?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. பிசினும் அதில் செய்த கலவைகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறையில் இல்லை. இதனால்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற பாங் கடைகள் நடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு 'இலைதானே, தப்பில்லை' என்று இங்கே யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் கஞ்சா இலையையும் பாங்கையும் போதைப்பொருள் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. காசியில் கடையில் வாங்கிய பாங் உருண்டையை ரயிலில் ஊருக்குக் கொண்டுவந்தால் அது உங்களைச் சிக்கலில்தான் மாட்டிவிடும்.

மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வழி விட்டிருக்கிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுத்தன்மை கொண்ட சரக்குகளுக்கு மருந்து மற்றும் அழகுசாதன விதிகளில் இ-1 என்ற அட்டவணை உண்டு. அபினி, ஊமத்தை, எட்டி ஆகியவற்றோடு கஞ்சாவும் அதில் இருக்கிறது. உரிமம் பெற்ற தயாரிப்பாளர் அதைச் சேர்த்து மருந்து செய்யலாம். பதிவுபெற்ற மருத்துவர் எழுதிக் கொடுக்கலாம். நோயாளி சாப்பிடலாம்.

டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்ந்த சரக்குகளின் பட்டியலும் அளவும் இருக்க வேண்டும். இ-1 அட்டவணைச் சரக்கு சேர்ந்த உள்மருந்து என்றால், மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை கண்ணில் படும்படி அச்சாகியிருக்க வேண்டும். விதி அந்த எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் போடச் சொல்கிறது. தமிழில் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர் அதைப் பார்த்தும் பாராமல் தினம் இரண்டு வேளை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் பெரியவர்களின் மருந்து டப்பாக்களை ஒரு நாள் உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள். தான் சாப்பிடுவதில் கஞ்சா இருக்கிறது என்றே தெரியாமல், 'எந்தப் போதைப்பொருளும் தொடுவதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது சதுரகிரிக்கு வருவோம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தாணிப்பாறை வழியே ஆயிரக்கணக்கானோர் மலையேறுகிறார்கள். சித்தர் மலை என்பதால் அடிவாரத்தில் மூலிகைக்கும் லேகியத்துக்கும் மதிப்பு அதிகம். பெயரில்லாத பாட்டிலில், இலைப் பொட்டலத்தில் வாங்குகிற எதற்கும் மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு கிடையாது. சாமியார் பிரசாதமாகக் கொடுத்தாலும், சிவமூலி என்று பெயர் சொன்னாலும், உள்ளே கஞ்சா இருந்தால் அதை வைத்திருப்பது குற்றம். சட்டம் சிறிய அளவாகக் கருதும் 1 கிலோவுக்குள் இருந்தாலும் 1 ஆண்டு வரை கடுங்காவல், 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைத்தது மட்டுமே என்றாலும் 6 மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் மீது இப்படி ஒரு வழக்குப் பதிவானால், ஆயுதச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ ஆட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது.

காவல் நிலைய விசாரணை

விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்கு வரும். 30 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும் என்பது விதி. அறிக்கை கிடைத்த 60 நாளுக்குள் ஆட்சியர் முடிவெடுக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று கோப்பு சுற்றி வருவதால் காலம் நீளும். அடிக்கடி போய் நிலை கேட்பதில் தவறில்லை.

விசாரணைக்கு வருகிறவர் பக்கத்துத் தோப்புக்காரரிடமும் டீக்கடையிலும் கேட்பார்: 'ஆள் எப்படி? குடிப்பாரா? சண்டை சச்சரவு உண்டா?' 2021 கடைசியில் தொடங்கிய 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை'க்குப் பிறகு தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் கஞ்சா பற்றிய காது கூர்மையாகவே இருக்கிறது. யாராவது 'அவர் லேகியம் சாப்பிடுகிறவர்' என்று சொன்னால், அது அறிக்கையில் 'போதைப் பழக்கம் உள்ளவர்' என்று ஏறிவிட வாய்ப்பிருக்கிறது. எனவே அடுத்தவர் சொல்லி அவருக்குத் தெரியவருவதை விட, நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. 'ஐயா, மூட்டுவலிக்கு இந்த மருந்து சாப்பிடுகிறேன், டாக்டர் சீட்டு இது, அரசு மருத்துவரின் சான்றும் இருக்கிறது' என்று நகலைக் கையில் கொடுங்கள். நகல் கொடுத்த தேதியைக் குறித்துவையுங்கள். விண்ணப்பத்தில் வழக்குகள், தண்டனை, பிணை பற்றிய கேள்விகள் இருக்கும், எதையும் மறைக்காதீர்கள். பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம். மருந்தை வைத்து மறுத்தால் வாதாடலாம். பொய் சொன்னதை வைத்து மறுத்தால் வாதாட இடமில்லை.

மறுப்பு வந்தால் ஆயுதச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. 30 நாள் கெடு. அதிலும் கிடைக்கவில்லை என்றால் மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடலாம். 'போதைப் பழக்கம்' என்று பொதுவாக எழுதியிருக்கிறார்களா, மருத்துவ ஆதாரத்தைப் பரிசீலித்து எழுதியிருக்கிறார்களா என்பதை உங்கள் வழக்கறிஞர் முதலில் பார்ப்பார். மருத்துவச் சான்றை நகலோடு கொடுத்தீர்களா என்பது அங்கேதான் பயன்படும்.

வனத்துறை சம்மதம் இல்லாமல் நடக்காது

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தும். மகாராஜபுரத்துக்கு இன்னொன்று இருக்கிறது. கஞ்சாவை விடப் பெரிய தடை இதுதான்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, ஒரு சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிய துப்பாக்கி உரிமம் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்சம்மதம் வேண்டும். ஏற்கெனவே உரிமம் உள்ளவர்களும் வனத்துறையிடம் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988இல் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அது மேகமலைச் சரணாலயத்தோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. தாணிப்பாறை அடிவாரத்தை ஒட்டிய ஊர்கள் அந்த 10 கிலோமீட்டருக்குள்தான் வருகின்றன.

அப்படியே உரிமம் கிடைத்தாலும் அதை வைத்துப் பன்றியைச் சுட முடியாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். எந்த இடத்திலும் விவசாயி தானாகச் சுட அனுமதி இல்லை. உயிருக்கு ஆபத்து வந்து, தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு சுட்டால் மட்டும் அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது.

அப்படியானால் துப்பாக்கி எதற்கு? சத்தம் கொடுத்து விரட்டுவதற்கும் மனத் தைரியத்துக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மலையடிவாரத்தில் புதிதாக உரிமம் கேட்டு இரண்டு துறைகளுக்கு நடையாய் நடப்பதை விட, அதே அலைச்சலைச் சூரிய மின்வேலி மானியத்துக்கும் பயிர்ச்சேத இழப்பீட்டுக்கும் செலவிடுவது விவசாயிக்கு லாபம். வேலி போடும்போது 2023இல் வந்த மின்வேலிப் பதிவு விதிகளைப் பின்பற்றுங்கள். நேரடியாக மின்கம்பியில் கொக்கி போடுவது, அவுட்டுக்காய் வைப்பது, உரிமமில்லாத நாட்டுத்துப்பாக்கி மூன்றும் யானையையும் கொல்லும், மனிதரையும் கொல்லும். உரிமமில்லாத துப்பாக்கிக்கு, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த பிறகு

அப்பா காலத்துத் துப்பாக்கி இருக்கிற வீடுகளும் புதிதாக உரிமம் பெற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைத் தோட்டாத் துப்பாக்கி போல நொடியில் திறந்து காலி செய்ய முடியாது. கருமருந்து போட்டு, நார் திணித்து, மேலே ரவையோ பால்ரஸோ இட்டுக் கம்பியால் இடித்த பிறகு, அது சுடும்வரை உள்ளேயே இருக்கும். ராத்திரி கெட்டித்தவர் பன்றி வரவில்லை என்று அப்படியே சுவரில் சாத்திவைத்துவிட்டுத் தூங்கப் போவார். காலையில் பேரப்பிள்ளை எடுப்பான். இந்த ஆபத்தோடு தூக்கம் தருகிற மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கஞ்சா சேர்ந்த மருந்து கண்மதிப்பையும் கைவேகத்தையும் மந்தமாக்கும். இருட்டில் அசைவது பன்றியா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோப்பு ஆளா என்று பிரித்தறிய வேண்டிய நொடியில் அது கைகொடுக்காது. மருந்து சாப்பிட்ட இரவில் துப்பாக்கியைத் தொடாதீர்கள். அது சட்டப்படியான மருந்தா இல்லையா என்பது இந்த இடத்தில் பொருட்டே இல்லை.

காவலாளிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். உரிமத்தில் பெயர் ஏறாதவர் கையில் துப்பாக்கி இருந்தால் வைத்திருப்பவரும் குற்றவாளி, கொடுத்தவரும் குற்றவாளி. காவலாள் தோப்பு ஓரத்தில் இரண்டு கஞ்சாச் செடி வளர்த்தால்? நிலத்துக்காரர் தெரிந்ததும் உடனே தகவல் சொல்லியாக வேண்டும் என்கிறது போதைப்பொருள் சட்டத்தின் 46ஆம் பிரிவு. தெரிந்தும் பேசாமல் இருந்தால் தண்டனை அவருக்கும் உண்டு. செடி வளர்ப்பதற்கு 10 ஆண்டு வரை சிறை.

உரிமம் இப்போது 5 ஆண்டுக்குச் செல்லும். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க எழுதிக் கொடுங்கள். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். திருவிழாவிலோ கல்யாணத்திலோ வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு. உரிமக்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்துவிட்டாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்கலாம் என்கிறது 2016 விதி. வலிக்கு மருந்து சாப்பிடத் தொடங்கிய பெரியவருக்கு இது கௌரவமான வழி. 'அப்பா, நீங்க பார்த்தது போதும், என் பேருக்கு எழுதிக் கொடுங்க' என்று மகனோ மகளோ கேட்டால் பெரியவரின் மனம் நோகாது. வாரிசும் தகுதிச் சோதனை முழுவதையும் கடந்துதான் வர வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் உண்டு. அங்கே நிலைமை நேர்மாறாகத் தோன்றும். ஆனாலும் ஆபத்து அங்கேதான் கூடுதல். பல மாநிலங்களில் கஞ்சா கடையிலேயே கிடைக்கிறது. துப்பாக்கியும் கிடைக்கிறது. ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அந்நாட்டின் மத்தியச் சட்டம். கடையில் நிரப்பும் படிவத்திலேயே, உங்கள் மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படி கஞ்சா குற்றம்தான் என்ற எச்சரிக்கை அச்சாகியிருந்தது. இதே சட்டப்பிரிவின் கீழ்தான் 2024இல் அப்போதைய அதிபரின் மகன் ஹண்டர் பைடன் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. அது வேறொரு போதைப்பொருள் பற்றிய வழக்கு. பிறகு தந்தை மன்னிப்பு வழங்கினார். 2025 அக்டோபரில், கஞ்சா பயன்படுத்துபவருக்கு இந்தத் தடை செல்லுமா என்ற வழக்கொன்றை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. இன்றைய நிலையை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியே கூடாது. விசாவோ பச்சை அட்டையோ வைத்திருப்பவருக்குக் கஞ்சா குடியேற்றச் சிக்கலையும் கொண்டுவரும்.

மருந்து பழக்கமாகிவிட்டால்

மருந்தாகத் தொடங்கியது பழக்கமாகிவிட்டது என்று உங்களுக்கே தெரிந்தால், அல்லது வீட்டில் யாராவது கஞ்சா இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குப் போய்விட்டார் என்றால், உரிமம் பற்றிய கணக்கையெல்லாம் ஒதுக்கிவையுங்கள். முதல் வேலை, துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கோபத்திலோ மனச்சோர்விலோ எடுக்கும் ஒரு நிமிட முடிவைத் துப்பாக்கி திருப்பித் தராது.

அடுத்த வேலை சிகிச்சை. சிறிய அளவு கஞ்சாவோடோ பயன்படுத்திய குற்றத்திலோ சிக்கிய அடிமைப்பட்டவர், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அவர் மீது வழக்கு நடத்தாமல் விடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடும். போதை மீட்பு உதவிக்குக் கட்டணமில்லாத எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இந்த இரண்டு எண்களையும் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் எழுதிவையுங்கள்.